பாப் இரட்டையர்: அந்த இரண்டாவது ஆளுக்கு என்ன வேலை?

பாப் இசையில் இரண்டே பேர் சேர்ந்து, ஒரு பெயர் வைத்துக்கொண்டு, பாட்டு வெளியிட்டால் அவர்களை டியோ என்கிறார்கள். நாம் இரட்டையர் என்றே வைத்துக்கொள்வோம். நாலைந்து பேர் இருக்கும் குழுவில் யார் எவ்வளவு உழைக்கிறார் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. டிரம்ஸ்காரர் டிரம்ஸ் வாசிக்கிறார், முடிந்தது. இரண்டு பேர் என்றால் மட்டும் பார்க்கிறவர்கள் எல்லோரும் நிறுத்துப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பாடுகிறவர் ஒருத்தர். சரி, மற்றவர் எதற்கு?

சத்துவாச்சாரியில் நான் கீபோர்டு சொல்லித் தருகிறேன். என்னிடம் வரும் பையன்களில் ஒரு ஜோடி, தாங்களே பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றுகிறார்கள். ஒருவன் காட்பாடி, இன்னொருவன் அலமேலுமங்காபுரம். காட்பாடிக்காரன் மெட்டுப் போடுவான், வரி எழுதுவான், பாடுவான். மற்றவன் ரிதம் பேடு தட்டுவான், கூட்டத்தைக் கிளப்புவான், எந்தப் பாட்டை முதலில் பாடுவது, எந்த நிறச் சட்டை போடுவது என்பதை எல்லாம் முடிவு செய்வான். ஒத்திகை பார்க்க வந்த காட்பாடிப் பையனின் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "எல்லாத்தையும் எம் புள்ளையே செய்யறான். அந்தத் தம்பிக்கு என்னங்க வேலை, மாஸ்டர்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். லண்டனிலும் நியூயார்க்கிலும் பெரிய பெரிய இரட்டையர்களைப் பார்த்து இதே கேள்வியைத்தான் கேட்டார்கள், அதுவும் அவர்கள் புகழின் உச்சியில் இருந்தபோது. அந்த உச்சகாலத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இரட்டையர் என்ற அமைப்பே புரிந்துவிடும்.

முதலில் மூன்று இடங்களைப் பிரித்துப் பார்க்கவேண்டும். பாட்டு எழுதப்படும் இடம், பாட்டு பதிவாகும் இடம், அப்புறம் மேடை. இந்த மூன்றிலும் ஒரே ஆளே முன்னால் நிற்பார் என்று சொல்லவே முடியாது. சைமன் அண்ட் கார்ஃபங்கல் என்ற அமெரிக்க இரட்டையரை எடுத்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் பள்ளிக்கூடச் சிநேகிதர்கள். பாட்டுகளை ஏறக்குறைய முழுவதுமாக எழுதியவர் பால் சைமன். ஆர்ட் கார்ஃபங்கலுக்கு உயரத்தில் நிற்கும் ஒரு குரல். 1970-இல் வந்த 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' பாட்டைச் சைமன் எழுதி, பாடக் கொடுத்தது கார்ஃபங்கலிடம். கச்சேரியில் பியானோவுக்குப் பக்கத்தில் கார்ஃபங்கல் நின்று பாடுவார், கைதட்டல் இடி மாதிரி விழும். ஓரமாக உட்கார்ந்திருந்த சைமனுக்கு, 'அது என் பாட்டப்பா' என்று மனசுக்குள் ஓடும். இதைப் பிற்பாடு பேட்டியில் அவரே ஒளிக்காமல் சொன்னார். எழுதும் மேசையில் இரண்டாவது ஆள் கார்ஃபங்கல். மேடையில் இரண்டாவது ஆள் சைமன். அதே பெயரில் வந்த ஆல்பத்தோடு அவர்கள் பிரிந்தார்கள். 1981-இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் மறுபடி ஒருநாள் சேர்ந்து பாடியபோது கூடிய கூட்டம் ஏறக்குறைய 5 லட்சம் என்று சொல்வார்கள். ஆனால் சேர்ந்து இருக்க மட்டும் முடியவில்லை.

இனி உச்சகாலத்துக்கு வருவோம். பாப் இசையில் உச்சத்தை அளக்க ஒரு அளவுகோல் இருக்கிறது: வாராவாரம் வெளியாகும் தரவரிசைப் பட்டியல். அதை சார்ட் என்பார்கள். ஒரு ஆல்பத்திலிருந்து ஒரு பாட்டை மட்டும் தனியாக எடுத்து விற்றால் அது சிங்கிள். அந்த வாரம் எந்தச் சிங்கிள் அதிகம் விற்றது என்ற கணக்கில் அந்தக் காலத்தில் பட்டியல் போட்டார்கள். முதல் இடம் பிடித்தால் நம்பர் ஒன். சில கலைஞர்களுக்கு ஒரு காலம் வரும். அப்போது எதைத் தொட்டாலும் பட்டியலின் மேலே போய் நிற்கும். இதற்கு 'இம்பீரியல் ஃபேஸ்', அதாவது ராஜகாலம், என்று பெயர் வைத்தவர் நீல் டெனன்ட். பெட் ஷாப் பாய்ஸ் என்ற பிரிட்டிஷ் இரட்டையரில் ஒருவர். பாட வருவதற்கு முன்னால் ஸ்மாஷ் ஹிட்ஸ் என்ற பாப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தவர் என்பதால் மற்றவர்களின் ஏற்ற இறக்கங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர். தன் உச்சத்தையும் ஒரு நிருபரைப் போலவே எட்ட நின்று பார்த்தார்.

அவர்களுடைய ராஜகாலம் 1987, 88. 'இட்ஸ் எ சின்' நம்பர் ஒன். அடுத்தது டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற பாடகியோடு சேர்ந்து பாடியது, இரண்டாம் இடம். அந்த வருடக் கிறிஸ்மஸ் வாரத்திலும் முதலிடம் அவர்களுக்கே. அதுவும் ஏற்கெனவே பலர் பாடிய ஒரு பழைய பாட்டை வைத்துக்கொண்டு. 1988-இல் 'ஹார்ட்' வந்தது, மறுபடியும் நம்பர் ஒன். அதற்கப்புறம் 'டாமினோ டான்சிங்' ஏழாம் இடத்தோடு நின்றது. ஏழாம் இடம் என்பது மோசமா என்ன? மற்றவர்களுக்கு அது வாழ்நாள் சாதனை. டெனன்டுக்கு மட்டும், நம் ராஜகாலம் முடிந்தது என்று அப்போதே புரிந்துவிட்டது. உச்சம் முடியும்போது சரிவு எல்லாம் வருவதில்லை, நிச்சயம் மட்டும்தான் போய்விடுகிறது. அதுவரை ரேடியோக்காரர் கேட்காமலே போட்டுவிடுவார். அதற்குப் பிறகு கேட்டுவிட்டுப் போடுவார்.

அந்த ஜோடியில் இரண்டாவது ஆள் கிறிஸ் லோ. தலையில் தொப்பி, கண்ணில் கருப்புக் கண்ணாடி, கீபோர்டுக்குப் பின்னால் அசையாமல் நிற்பார். சிரிக்கக்கூட மாட்டார். "அவர் என்ன செய்கிறார்?" என்று பிரிட்டனில் இன்றுவரை கிண்டல் உண்டு. ஆனால் அவர்கள் சொந்தமாக எழுதிய பாட்டுகளை எடுத்துப் பாருங்கள்: டெனன்ட், லோ என்று இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும். 1981-இல் லண்டன் கிங்ஸ் ரோட்டில் ஒரு ஆடியோ கருவிக் கடையில் சந்தித்துக்கொண்டவர்கள், 2024-லும் ஒன்றாக ஆல்பம் போட்டார்கள்.

இப்போது 'வாம்' (Wham!) என்ற பிரிட்டிஷ் இரட்டையர். முன்னால் சொன்னதெல்லாம் இதற்கு முன்னுரை என்றே வைத்துக்கொள்ளலாம். இரட்டையர் புகழின் உச்சியில் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியவில்லை.

ஜார்ஜ் மைக்கேல், ஆண்ட்ரூ ரிட்ஜ்லி இருவரும் 1963-இல் பிறந்தவர்கள். லண்டனுக்கு வெளியே ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் புஷி மீட்ஸ் என்ற பள்ளியில் 1975-இல் அறிமுகம். ஜார்ஜ் அப்போது கண்ணாடி போட்ட, கொஞ்சம் குண்டான, கூச்ச சுபாவமுள்ள பையன். அப்பா சைப்ரஸிலிருந்து வந்த கிரேக்கர். ரிட்ஜ்லிக்குக் கூச்சம் என்றால் என்னவென்றே தெரியாது. குழு ஆரம்பிக்கலாம் என்று விடாமல் நச்சரித்தது ரிட்ஜ்லிதான். ஜார்ஜ் யாரைப் போல ஆக விரும்பினாரோ அந்த ஆள் ரிட்ஜ்லி. எப்படி நடப்பது, எப்படி உடுத்துவது, எப்படி நிற்பது என்பதை அவரைப் பார்த்தே கற்றுக்கொண்டார்.

1982-இல் ஒரு சின்ன நிறுவனத்தோடு ஒப்பந்தம். அந்த வருடக் கடைசியில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில், வராமல் போன யாருக்கோ பதிலாக, கடைசி நேரத்தில் கூப்பிட்டார்கள். அப்போது அவர்கள் பாட்டு பட்டியலில் 42-ஆம் இடத்தில் கிடந்தது. டிவியில் ஆடிப் பாடியதும் மேலே ஏறி மூன்றாம் இடத்துக்கு வந்துவிட்டது. 1983-இல் முதல் ஆல்பம் பிரிட்டனில் நம்பர் ஒன். ஆனால் கையில் காசு தங்கவில்லை, ஒப்பந்தம் அப்படி. வழக்குப் போட்டு விடுபட்டு, பெரிய நிறுவனமான எபிக்குக்கு மாறினார்கள்.

1984-இல் கதவு உடைந்தது. 'வேக் மீ அப் பிஃபோர் யூ கோ-கோ' பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நம்பர் ஒன். இரண்டாவது ஆல்பமான 'மேக் இட் பிக்' அமெரிக்காவிலும் முதலிடம். அதிலிருந்து மட்டும் மூன்று அமெரிக்க நம்பர் ஒன்கள். அதில் ஒன்று 'கேர்லெஸ் விஸ்பர்'. அந்தச் சாக்ஸபோன் துண்டு தெரியாதவர்கள் கம்மி. நாங்கள் வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலம் அது, வேலூரில் கேசட் கடைக்கு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பாட்டுப் பதிவு செய்து வாங்குவோம். எங்கள் தெருப் பக்கம் கல்யாண ஊர்வலப் பேண்டில் சாக்ஸபோன் வாசித்த ஒரு அண்ணன், மாப்பிள்ளை அழைப்பில் சினிமாப் பாட்டுக்கும் சினிமாப் பாட்டுக்கும் நடுவே அந்தத் துண்டை ஒருமுறை ஊதிவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். யாருடைய பாட்டு என்று கேட்டால் "இங்கிலீஷ் பாட்டுப்பா" என்பார். அவ்வளவுதான் விவரம்.

அந்தப் பாட்டின் கணக்கைக் கவனியுங்கள். எழுதியவர்கள் என்று இரண்டு பெயரும் உண்டு. ஆனால் பிரிட்டனில் அது வெளியானது ஜார்ஜ் மைக்கேல் என்ற தனிப் பெயரில். அமெரிக்காவில் 'வாம், ஜார்ஜ் மைக்கேலுடன்' என்று. உச்சம் தொட்ட அதே வருடத்திலேயே பிரிவு எழுத்தில் வந்துவிட்டது. அந்த ஆல்பத்தில் இன்னொருவரின் பழைய பாட்டு ஒன்று உண்டு. அதையும் 'கேர்லெஸ் விஸ்பரை'யும் விட்டால் மீதி எல்லாம் ஜார்ஜ் தனியாக எழுதியவை.

'லாஸ்ட் கிறிஸ்மஸ்' இன்னும் ஒரு படி மேலே. எழுதியது, பாடியது, வாத்தியங்கள் அனைத்தையும் வாசித்தது எல்லாமே ஜார்ஜ். ரிட்ஜ்லியின் பங்கு அட்டையிலும் பனிமலை வீடியோவிலும்தான். 1984 டிசம்பரில் அது இரண்டாம் இடத்தில் நின்றுவிட்டது. முதலிடத்தை மறித்தது எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்காகப் பலர் சேர்ந்து பாடிய பாட்டு. அதில் பாடியவர்களில் ஜார்ஜும் ஒருவர்! தன் பாட்டைத் தானே மறித்த புண்ணியவான். வாம் தங்கள் பாட்டின் ராயல்டியையும் அதே பஞ்ச நிவாரணத்துக்குக் கொடுத்தார்கள். 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' ஒருவழியாகப் பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனது 2021 ஜனவரியில். அதைப் பார்க்க ஜார்ஜ் இல்லை. 2016 கிறிஸ்மஸ் அன்று இறந்துவிட்டார்.

உச்சகாலத்தில் விளம்பரம்கூட வேறு அளவில் நடக்கும். மேலாளர் சைமன் நேப்பியர்-பெல் அவர்களைச் சீனாவுக்குக் கொண்டுபோனார். 1985 ஏப்ரலில் பெய்ஜிங் தொழிலாளர் உள்விளையாட்டரங்கில் கச்சேரி. மேற்கத்தியப் பாப் குழு அங்கே மேடை ஏறுவதென்பது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். குயின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவும் போட்டியில் இருந்ததாம். இந்த மனிதர் சீன அதிகாரிகளிடம் இரண்டு கையேடுகளைக் காட்டினார்: ஒன்றில் வாம் நல்ல வீட்டுப் பிள்ளைகளாகச் சிரித்தார்கள், மற்றதில் குயினின் ஃப்ரெடி மெர்க்குரி ஆர்ப்பாட்டமான போஸ்களில் இருந்தார். அதிகாரிகள் யாரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. இது மேலாளரே பிற்பாடு சொன்ன கதை. காசுக்காக நடத்திய பயணமல்ல அது. அமெரிக்கத் தொலைக்காட்சிச் செய்தியில் வருவதற்காக. வந்தது. அந்தக் கோடையில் அமெரிக்காவில் ஸ்டேடியங்களில் பாடினார்கள்.

அடுத்த வருடம் கடையைச் சாத்தினார்கள். 1986 ஜூன் 28, வெம்ப்ளி ஸ்டேடியம், 72,000 பேர், 'தி ஃபைனல்' என்று பெயரே வைத்துவிட்டு விடைபெற்றார்கள். அப்போது வெளியான பாட்டும் நம்பர் ஒன். சண்டை இல்லை, கோர்ட் இல்லை. எவர்லி பிரதர்ஸ் என்ற அண்ணன் தம்பி 1973-இல் மேடையிலேயே கிட்டாரைப் போட்டு உடைத்துப் பிரிந்தார்கள். பத்து வருடம் கழித்துத்தான் சேர்ந்தார்கள். வாம் இரண்டு பேரும் அப்படி இல்லை, கடைசிவரை சிநேகிதர்கள். ஜார்ஜுக்கு வளர்ந்த ஆட்களுக்கான பாட்டு எழுதவேண்டும் என்ற ஆசை. அதற்கு இந்த இளைஞர் குதியாட்டப் பெயர் இடைஞ்சல். ரிட்ஜ்லிக்கும் அது தெரியும். அவர் 1990-இல் ஒரு தனி ஆல்பம் போட்டார், எடுபடவில்லை. அத்தோடு விட்டுவிட்டார்.

அப்படியானால் ரிட்ஜ்லி சும்மாவா இருந்தார்? இங்கேதான் நம் ஊர்க் கூத்தை நினைத்துக்கொள்வேன். வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் துரியோதனன் வேடக்காரர் ஒரு அடி பாடுவார். பின்னால் பெஞ்சியில் ஹார்மோனியத்தோடும் மத்தளத்தோடும் உட்கார்ந்திருக்கும் பின்பாட்டுக்காரர் அதை அப்படியே வாங்கி நீட்டுவார். அந்த இடைவெளியில்தான் வேடக்காரர் ஒரு சுற்றுச் சுற்றி அடவு போடுவார், மூச்சு வாங்குவார், அடுத்த அடியை நினைவுக்குக் கொண்டுவருவார். விடிந்ததும் டீக்கடையில் துரியோதனனைப் பற்றித்தான் பேச்சு. பின்பாட்டுக்காரர் பெயரைக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது. ஆனால் ஒரு ராத்திரி அவரை எழுப்பி அனுப்பிவிட்டு ஆடச் சொல்லிப் பாருங்கள், வேடக்காரர் பத்து மணிக்கே உட்கார்ந்துவிடுவார். ரிட்ஜ்லி செய்தது அந்த வேலை. கூச்சப்பட்ட ஒரு பையன் ஸ்டார் மாதிரி நிற்கக் கற்றுக்கொள்ளும்வரை பக்கத்தில் நின்றார். கற்றுக்கொண்டபின் ஒதுங்கினார். மேடைக்காரனுக்கு இதன் அருமை தெரியும், கணக்கெழுதுகிறவருக்குத் தெரியாது.

கணக்கு என்றதும் காசு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், ஆரம்பநிலையில் பலருக்குக் குழப்பம் இங்கேதான். ஒரு பாட்டிலிருந்து பணம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, எழுதியவருக்கு: மெட்டும் வரியும் யாருடையதோ அவருக்கு. ரேடியோவில் ஒலித்தாலும், வேறு யாராவது பாடிப் பதிவு செய்தாலும் அவருக்கு ராயல்டி உண்டு. இன்னொன்று, அந்தக் குறிப்பிட்ட பதிவுக்கு: அதில் யார் பெயர் கலைஞராக இருக்கிறதோ அவர்களுக்கும் கம்பெனிக்கும். ஆக 'லாஸ்ட் கிறிஸ்மஸை' நாளைக்கு வேறொருவர் பாடிப் போட்டால் எழுத்துப் பங்கு ஜார்ஜ் தரப்புக்குப் போகும், ரிட்ஜ்லிக்கு அதில் எதுவும் இல்லை. 'கேர்லெஸ் விஸ்பர்' என்றால் இருவருக்கும் உண்டு. உச்சகாலத்தில் இரண்டு சிநேகிதர்களின் வருமானம் வேறு வேறு உயரத்துக்குப் போவது இதனால்தான். ஒரே கார், ஒரே ஓட்டல், ஒரே மேடை. வருடக் கடைசியில் வரும் காசோலை மட்டும் வேறு. பெட் ஷாப் பாய்ஸ் இரண்டு பெயரையும் சேர்த்தே போட்டதால் இந்தப் பிரச்சினையே எழவில்லை. 40 வருடம் தாண்டியும் அவர்கள் நீடிப்பதற்கு ரசனை ஒரு காரணம், இது அதைவிடப் பெரிய காரணம் என்பது என் கட்சி.

நம் நாட்டிலும் 2012-இல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடலாசிரியர்களும் இசையமைப்பாளர்களும் ராயல்டியில் தங்களுக்குரிய பங்கைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி செய்துவிட்டார்கள். அந்தத் தொகையை வசூலித்துப் பிரித்துத் தர ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. சுயமாகப் பாட்டுப் போடும் பிள்ளைகள் அதில் உறுப்பினராவது நல்லது. ஆனால் பாட்டை யார் எழுதினார்கள் என்று நீங்கள் என்ன சொல்லிப் பதிவு செய்கிறீர்களோ அதுதான் அங்கே கணக்கு.

தமிழில் இதற்கு ஒரு பெரிய முன்னுதாரணம் உண்டு. விஸ்வநாதன், ராமமூர்த்தி இரட்டையர். 1952-இல் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் தொடங்கி 1965-இல் 'ஆயிரத்தில் ஒருவன்' வரை இரண்டு பெயரும் சேர்ந்தே திரையில் வந்தன. மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம்கூடப் பன்மையில்தான். வயதில் மூத்தவரும் வயலின்காரருமான ராமமூர்த்தியின் பெயர் இரண்டாவதாக வருவதற்கு, இளையவரைப் பின்னால் இருந்து தாங்கிப் பிடிக்கட்டும் என்று கலைவாணரே சமாதானம் சொன்னதாக ஒரு செய்தி உண்டு. எந்த மெட்டு யாருடையது என்று ரசிகர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். பெயர்ப் பட்டியலைப் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அந்த ஏற்பாட்டின் அழகு. பிரிந்தபின் இருவரும் தனித்தனியாக இசையமைத்தார்கள், விஸ்வநாதன் கொடி பறந்தது. ராமமூர்த்திக்கு அவ்வளவு படங்கள் அமையவில்லை. மேற்கே என்ன நடக்கிறதோ அதுவேதான் கோடம்பாக்கத்திலும்.

என் மாணவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். வைகாசியில் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாச் சமயத்தில் ஒரு மேடையில் பாட அவர்களுக்கு வாய்ப்பு வந்தது. ஃப்ளெக்ஸ் அடிக்கும் கடையில் கம்ப்யூட்டர் முன்னால் நின்று, எந்தப் பெயர் இடது பக்கம், எந்தப் படம் பெரிது என்று பேச்சு வளர்ந்து, கடைக்காரத் தம்பி "அண்ணா, முடிவு பண்ணிட்டு வாங்க, கரண்ட் போயிடும்" என்று சொல்லும் நிலை. என்னிடம் வந்தார்கள். ஃப்ளெக்ஸை விடுங்கடா, யூடியூபில் பாட்டுக்குக் கீழே யார் பெயர் போடுகிறீர்கள் என்று கேட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அதுவரை அவர்கள் அதைப் பேசியதே இல்லை. மெட்டுக்கும் வரிக்கும் காட்பாடிப் பையன் பெயர், ஏற்பாட்டுக்கும் தாளத்துக்கும் இருவர் பெயரும், மேடைப் பணம் சரிபாதி என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அந்த அம்மாவிடமும் காட்டச் சொன்னேன். படித்துவிட்டு, "மேடைப் பணம் எதுக்குப் பாதி?" என்றார். கூத்து விஷயத்தைச் சொன்னேன். அவருக்குப் பிறந்த வீடு ஆரணிப் பக்கம், அதனால் அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

புதிதாகக் கேட்க ஆரம்பிப்பவர்கள் முதலில் எவர்லி பிரதர்ஸின் 'பை பை லவ்' கேளுங்கள், 1957 பாட்டு. இரண்டு குரல் ஒட்டிக்கொண்டே போகும், எது அண்ணன், எது தம்பி என்று பிரித்துப் பார்க்க முயலுங்கள். அடுத்தது பெட் ஷாப் பாய்ஸின் 'வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ்', நல்ல ஸ்பீக்கரில். பேச்சு மாதிரி வரும் குரலை விட்டுவிட்டு அடியில் ஓடும் கீபோர்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வாமில் 'எவ்ரிதிங் ஷி வான்ட்ஸ்' நல்ல ஆரம்பம், 'லாஸ்ட் கிறிஸ்மஸ்' டிசம்பரில் தானாகவே காதில் விழும். 'பிரிட்ஜ் ஓவர் டிரபிள்ட் வாட்டர்' கேட்கும்போது ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள்: முதல் இரண்டு சரணம் கார்ஃபங்கல் தனியாகப் பாடுவார், எழுதியவரின் குரல் உள்ளே வருவது மூன்றாவது சரணத்தில்தான்.